வெள்ளவத்தையிலிருந்து உரும்பிராய்க்கு ஒரு மீனின் பிரயாணம்

ஆறடி நீளமும் இரண்டடி அகலமும் இரண்டடி உயரமும் உடைய ஒரு கண்ணாடித் தொட்டி ஏறத்தாழ 680 லீற்றர் நீரைக் கொள்ளும். ஒரு லீற்றர் நீரின் நிறை ஒரு கிலோ என்பதைச் சிறு வகுப்பு மாணவரும் அறிவர். ஆகவே நீர் மாத்திரம் 680 கிலோ. 12 மில்லிமீற்றர் தடிப்புள்ள கண்ணாடியினாற் செய்த வெறுந்தொட்டி ஏறத்தாழ 120 கிலோ. அடியிலிட்ட மணலையும் கற்களையும், தொட்டியைத் தாங்கி நிற்கும் இரும்புச் சட்டத்தையும் கூட்டிப் பார்த்தால், ஒரு சிறிய மோட்டார் வண்டியை வீட்டு விறாந்தையிலே நிறுத்தி வைத்ததற்கு ஒப்பாகும். இத்தனையையும் வெள்ளவத்தையிலிருந்து சுமார் 400 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள உரும்பிராய்க்குக் கொண்டுபோக வேண்டும், அதனுள் வாழும் மீனும் உயிரோடு போய்ச் சேரவேண்டும் என்று எமது பெரியப்பா சொன்னபோது, உறவினரிற் பாதிப்பேர் சிரித்தார்கள். மற்றப் பாதிப்பேர், “மீனை ஆருக்கும் குடுத்துவிட்டுப் போகலாமே” என்றார்கள்.

பெரியப்பா அதற்கு மறுமொழி சொல்லவில்லை. அவர் சொல்லாததை நாம் அறிவோம். 2009 ஆம் ஆண்டிலே பிள்ளைகளின் பிடிவாதத்துக்கு இணங்கி, இரண்டங்குல நீளமுள்ள அம்மீன்குஞ்சை ஒரு பொலித்தீன் பையில் வாங்கி வந்தவர் அவர். பிள்ளைகள் அதற்குக் ‘குட்டி’ என்று பெயரிட்டார்கள். பின்னர் மகள் ரொறன்ரோவுக்கும் மகன் மெல்பேணுக்கும் போய்விட்டார்கள். மீனுக்கு நாள்தோறும் கங்குன் கீரை நறுக்கிப் போட்டு வந்தவர் பெரியம்மா. அவருடைய காலடி ஓசை கேட்டால் மீன் கண்ணாடியருகே வந்து நிற்கும். அவரும் 2022 இல் காலமானார். உத்தியோகத்திலிருந்து எப்போதோ இளைப்பாறிய பெரியப்பா, பிறந்த ஊருக்கே திரும்பிவிடுவது என்று முடிவு செய்தபோது, கொழும்பு வீட்டில் அவரோடு இருந்த ஒரே சீவன் பதினெட்டு அங்குலம் வளர்ந்துவிட்ட குட்டிதான்.

குட்டி இராட்சதக் குராமி என்னும் இனத்தைச் சேர்ந்தது. யாவா, சுமாத்திரா, போர்னியோ, மலாயா முதலிய நாடுகளின் ஆறுகளும் சதுப்புகளுமே இவ்வினத்தின் தாயகம். அங்கே இது உணவு மீன். குளங்களில் வளர்த்துச் சந்தையில் விற்பார்கள். பொரித்துத் தட்டில் வைத்த குராமியை யாவாவுக்குப் போய்வந்த எவரும் மறக்க மாட்டார்கள் என்பர். (இதைப் பெரியப்பாவின் முன்னிலையிற் சொல்வது உசிதமன்று.) ஆங்கிலேயர் காலத்தில் உணவுக்காகவே இலங்கைக்கும் கொண்டுவரப்பட்டது. குஞ்சாக இருக்கும்போது கூரிய மூக்கும் உடலிற் கருங்கோடுகளும் கொண்டு மெல்லிய அழகோடு விளங்கும். வளர வளரக் கோடுகள் மறைந்து, நெற்றி புடைத்து, உதடு தடித்து, யோசனையில் ஆழ்ந்த ஒரு பழைய தலைமையாசிரியரின் முகத்தைப் பெற்றுவிடும். வயிற்றின் கீழே இரண்டு செட்டைகள் நீண்ட நூல்போலத் தொங்கும். அவற்றால் எதனையும் தொட்டுத் தடவிப் பார்க்கும். 70 சென்ரிமீற்றர் வரை வளரக்கூடியது. இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழ வல்லது. இரண்டங்குலக் குஞ்சைக் காட்டி விற்கும் கடைக்காரர்கள் இவ்விவரங்களைச் சொல்லுவதில்லை. சொன்னால் யார்தான் வாங்குவார்கள்?

இம்மீனின் பெருஞ்சிறப்பு அதன் மூச்சிலே இருக்கிறது. மற்ற மீன்களைப்போலச் செவுள் உண்டு. அதற்கு மேலாகத் தலையின் இரு புறத்திலும் இரத்தக் குழாய்கள் நிறைந்த மடிப்புமடிப்பான ஓர் உறுப்பும் உண்டு. நீரின் மேல்மட்டத்துக்கு வந்து ஒரு வாய் காற்றை விழுங்கி, அதிலுள்ள ஒட்சிசனை அவ்வுறுப்பினால் எடுத்துக்கொள்ளும். கலங்கிய சேற்று நீரில் வாழ்வதற்கு இயற்கை வகுத்த உபாயம் இது. எமது வயல்களிலும் குளங்களிலும் காணப்படும் பனையேறிக் கெண்டையும் இம்மூச்சு உறுப்பை உடையதே. அந்தப் பெயருக்கும் ஒரு கதை உண்டு. தரங்கம்பாடியில் டேனிஷ்காரரின் சேவையிலிருந்த டால்டோர்ப் என்னும் அதிகாரி, ஒரு பனைமரத்தின் பிளவிலிருந்து அம்மீனைத் தாமே பிடித்ததாக எழுதிய குறிப்பு 1797 இல் இலண்டன் லின்னேயன் சங்கத்தின் ஏட்டில் வெளிவந்தது. இலங்கையின் உயிரினங்களைப்பற்றி நூல் எழுதிய எமேர்சன் ரெனன்ற் இக்கதையை எடுத்து ஆராய்ந்திருக்கிறார். மீன் பனையேறியதோ, பறவை கொண்டுபோய்ப் போட்டதோ, நாம் தீர்ப்புக் கூறப் போவதில்லை. நீரைவிட்டு நெடுந்தூரம் போகக்கூடிய மீன்களின் உறவுக்காரன் எங்கள் குட்டி என்பது எமக்குப் பெரிய தைரியத்தைத் தந்தது என்று மட்டும் சொல்லலாம்.

பிரயாணத்தின் விஞ்ஞானப் பொறுப்பை எமது தங்கையின் மகன் ஏற்றான். உயர்தர வகுப்பில் உயிரியல் படிப்பவன். “மாமா, நாங்கள் கொண்டுபோறது ஒரு மீனில்லை; ஒரு மீனும் கோடிக்கணக்கான பற்றீரியாவும்” என்று முதல் நாளே அறிவித்தான். அவன் சொன்னது முற்றும் உண்மை. மீன் தன் செவுள்வழியாக எந்நேரமும் அமோனியாவை நீரில் விடுகிறது. அது நஞ்சு. தொட்டியின் வடிகட்டியிலுள்ள பஞ்சிலும் ஓட்டுத் துண்டுகளிலும் குடியிருக்கும் ஒருவகைப் பற்றீரியா அமோனியாவை நைத்திரைற்று ஆக்கும். அதுவும் நஞ்சே. இன்னொரு வகை அதனை நைத்திரேற்று ஆக்கும். அது அவ்வளவு தீங்கற்றது. இப்பற்றீரியாக் குடியிருப்பு ஒரு புதுத் தொட்டியில் உருவாவதற்குப் பல வாரங்கள் செல்லும். ஆகவே கண்ணாடி உடைந்தால் வேறு தொட்டி செய்விக்கலாம். வடிகட்டியின் பஞ்சு காய்ந்து போனால், புது வீட்டுக்குப் போன சில நாட்களில் மீன் தன் கழிவிலேயே மூச்சடைத்து இறந்துவிடும். பஞ்சை நன்றாகக் கழுவிச் சுத்தமாகக் கொண்டுபோவோம் என்று வீட்டு வேலைக்கு வந்த பெண் அன்போடு முன்வந்தபோது, மருமகன் வாளியைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

சென்ற 2024 தை மாதத்தை நாம் தெரிந்தெடுத்தமைக்குக் காரணம் உண்டு. வெயிலின் உக்கிரம் குறைந்த காலம் அது. வடகீழ்ப் பருவ மழை பெய்து ஓய்ந்திருக்கும். யாழ்ப்பாணத்து வீட்டிலே மழைநீர் சேர்த்து வைத்திருக்கலாம். அம்மழைநீர் ஏன் வேண்டும் என்பதைப் பின்னர் சொல்லுவோம்.

புறப்படுவதற்கு இரண்டு நாட்கள் முன்னதாகவே குட்டிக்கு உணவு நிறுத்தப்பட்டது. வெறும் வயிற்றோடு போகும் மீன் நீரைக் குறைவாகவே மாசுபடுத்தும். பெரிய மீனுக்கு இரண்டு மூன்று நாள் உபவாசம் ஒரு பொருட்டன்று. ஆயினும் பெரியப்பா அந்த இரண்டு நாளும் விறாந்தைப் பக்கம் போகாமல் உள்ளேயே இருந்தார். கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்க்க முடியாது என்றார்.

மீன் ஏறிப்போக ஒரு வாகனம் வேண்டுமே! மீன் வியாபாரிகள் ஐஸ்கட்டியும் மீனும் இட்டுவைக்கும் தடித்த சுவருள்ள பெட்டி ஒன்றைப் புதிதாக வாங்கினோம். 150 லீற்றர் கொள்வது. வெப்பத்தை உள்ளே விடாது, வெளிச்சத்தையும் விடாது. இருளில் மீன் அமைதியாக இருக்கும். இத்தகைய பெட்டியில் உயிருள்ள மீன் ஏறுவது இதுவே முதற்றடவையாக இருக்கும் என்று கடைக்காரர் சொன்னார். மூடியிற் சில துளைகள் இட்டோம். நீரை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பவில்லை. காற்றை விழுங்கி வாழும் மீனுக்கு நீரின் மேலே ஒரு சாண் காற்று வேண்டும். விளிம்புவரை நீர் நிரப்பிப் பெட்டியை இறுக மூடியிருந்தால், நீருக்குள்ளேயே மூழ்கி இறந்த மீன் என்னும் விபரீதத்தைக் கண்டிருப்போம்.

விடியற்காலை இரண்டு மணிக்குத் தொட்டி நீரை இறைக்கத் தொடங்கினோம். முதலில் இறைத்த தெளிந்த நீரில் 200 லீற்றர் எட்டுக் கலன்களில் அடைக்கப்பட்டது. வடிகட்டியின் பஞ்சும் ஓட்டுத் துண்டுகளும் அதே நீர் நிரம்பிய வாளியில் இடப்பட்டன. நீர் ஓரடிக்குக் குறைந்ததும் குட்டியைப் பிடிக்க வேண்டிய கட்டம் வந்தது. பெரிய குராமியை வலையாற் பிடிப்பது மடமை. செட்டை முட்கள் வலையிற் சிக்கும். அந்த நூற்செட்டைகள் அறுந்துவிடும். இரண்டு கிலோவுக்குக் குறையாத மீன் துள்ளினாற் கண்ணாடிக்கும் ஆபத்து. நாம் ஆளுக்கொரு உபாயம் சொல்லிக்கொண்டிருக்கையில், பெரியப்பா சட்டைக் கையை மடித்துவிட்டு, குழந்தைகளைக் குளிப்பாட்டும் பெரிய பிளாஸ்ரிக் தொட்டியைச் சரித்து நீருக்குள் அமிழ்த்தினார். ஒரு துண்டு வாழைப்பழத்தை விரல்களுக்கிடையில் வைத்து அத்தொட்டியின் உள்ளே நீட்டினார். இரண்டு நாட் பசி. குட்டி கையைப் பார்த்தது. நூற்செட்டையால் விரலைத் தடவியது. பின்னர் மெல்ல நீந்தி உள்ளே வந்து பழத்தைக் கவ்வியது. இருவர் தொட்டியை நிமிர்த்தித் தூக்கினோம். அத்தனையும் அரை நிமிடத்தில் முடிந்தது. உபவாசம் முறிந்துவிட்டதே என்று மருமகன் முணுமுணுத்தான். “அது பாவம், விடு” என்றார் பெரியப்பா.

கண்ணாடித் தொட்டியை ஒருபோதும் நீரோடோ மணலோடோ தூக்கலாகாது. மூலைகளைப் பிணைத்திருக்கும் சிலிக்கோன் பசை நாற்புறமும் சமமாகத் தாங்கும் பாரத்தையே பொறுக்கும். சற்று முறுகினாலும் பிரிந்துவிடும். மணலைச் சாக்குகளில் அள்ளிய பின்னர், ஆறு பேர் கூடி வெறுந்தொட்டியைத் தூக்கி, லொறியில் விரித்த தும்பு மெத்தைமேல் வைத்தோம். சுற்றிலும் தலையணைகளையும் ரெஜிபோம் துண்டுகளையும் செருகினோம். வீட்டுத் தளபாடங்கள் அனைத்தும் தொட்டிக்கு மரியாதை கொடுத்து ஓரமாக ஒதுங்கின.

நான்கு மணிக்கு லொறி முன்னே செல்ல, மீன் பெட்டியும் கலன்களும் வாளியும் நாமும் ஏறிய வான் பின்னே சென்றது. பெட்டியிலும் வாளியிலும் காற்றுக் குமிழிகளை எழுப்ப, மின்கலத்தால் இயங்கும் ஒரு சிறு காற்றுப் பம்பி இருந்தது. வானின் சாரதி புத்தளத்தைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் அன்பர். ஐம்பது வயதைத் தொட்டிருப்பார். நானா என்றே அவரை அழைத்தோம். கொழும்பு யாழ்ப்பாணப் பாதையில் மனிதரையும் மாம்பழத்தையும் ஏற்றியிருக்கிறேன், மீனுக்கு வான் பிடித்த வீட்டை இன்றுதான் காண்கிறேன் என்று சிரித்தார். ஆயினும் வேகத்தடைகள் வரும்போதெல்லாம் வண்டியை நத்தைபோல நகர்த்தினார்.

நீர்கொழும்பு தூங்கிக்கொண்டிருந்தது. சிலாபத்தை அணுகும்போது கிழக்கு வெளுத்தது. முன்னேசுவரக் கோயில் இருக்கும் திசையை நோக்கிப் பெரியப்பா கைகூப்பினார். இருமருங்கும் தென்னந்தோப்புகள். ஈரமான காற்று. புத்தளத்தை அடையும்போது ஏழு மணி. தென்னை குறைந்து, களப்பும் உப்பு வாய்க்கால்களும் தோன்றின. ஒரு தேநீர்க்கடையில் இறங்கினோம். நானா தமக்குத் தேநீர் வாங்குவதற்கு முன்னர் பெட்டியின் மூடியைத் திறந்து பார்க்கச் சொன்னார். குட்டி கறுத்த நிறங்கொண்டு அசையாமல் நின்றது. அச்சத்தில் இம்மீன் கறுக்கும். சற்றுப் பொறுத்து மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுக் கீழே போனது. கடையில் இருந்தவர்கள் எல்லாரும் வந்து எட்டிப் பார்த்தார்கள். “என்ன விலை?” என்று ஒருவர் கேட்டார்.

புத்தளத்திலிருந்து அநுராதபுரம் செல்லும் வீதியில் நிலத்தின் முகமே மாறிவிடுகிறது. காடு உலர்ந்து குட்டையாகிறது. அதனிடையே குளங்கள் தோன்றத் தொடங்குகின்றன. மழை முடிந்த காலமாகையால் ஒவ்வொன்றும் கரை தளும்பி, தாமரை இலைகளால் மூடிக் கிடந்தது. ஆறு மாதம் மழை காணாத நாட்டிலே வாழ்ந்த மக்கள், வானத்து நீரைத் தொட்டியிலே தேக்குவது போலத் தேக்கி வைத்த விந்தையை இவ்வீதியில் யாரும் பார்க்கலாம். அநுராதபுரத்தில் நுவரவாவியின் அணைக்கட்டருகே, ஒரு மருதமர நிழலில் வண்டியை நிறுத்தினோம். மருமகன் தன் சோதனைத் துளிகளை எடுத்தான். பெட்டி நீரில் அமோனியா காட்டத் தொடங்கியிருந்தது. வாழைப்பழத்தின் வேலை என்று எம்மைப் பார்த்தான். பெட்டியிலிருந்து ஐம்பது லீற்றரை வெளியேற்றி, கலன்களிலிருந்த பழைய தொட்டி நீரை மெதுவாக ஊற்றினோம். பக்கத்திலேயே ஈராயிரம் ஆண்டுப் பழமையான வாவி கடல்போலக் கிடக்க, வெள்ளவத்தை நீரைக் கலனிலிருந்து ஊற்றும் எம்மைப் பார்த்து, அணைக்கட்டிற் குளிக்க வந்தவர்கள் சிரித்திருக்க வேண்டும். ஆனால் தெரியாத நீரைத் திடீரென மீன்மேல் ஊற்றக்கூடாது.

மதவாச்சி தாண்டி வவுனியா. அதன்பின் ஓமந்தை. இப்பாதையின் வரலாறு வாசகர் பலருக்கு நாம் சொல்லி அறியவேண்டியதன்று. 1990 இல் மூடுண்டு, 2002 இல் திறந்து, 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடுண்டு, போர் முடிந்த பின்னரே பொதுமக்களுக்குத் திறந்தது ஏ9 வீதி. ஓமந்தையில் மூட்டை முடிச்சுகளை இறக்கி வரிசையில் நின்றவர்களிற் பெரியப்பாவும் ஒருவர். “அப்ப ஒரு பெட்டி மீனோட வந்திருந்தால், அதை விளங்கப்படுத்தவே ஒரு கிழமை போயிருக்கும்” என்றார். சொல்லிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வயல்கள் பச்சையிலிருந்து பொன்னிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தன.

மாங்குளத்தை அடையுமுன் காற்றுப் பம்பி நின்றுவிட்டது. உள்ளேயிருந்த இறப்பர்த் தகடு கிழிந்து போயிருந்தது. மின்கலம் மாற்றிப் பயனில்லை. எமக்கெல்லாம் மீனைப்பற்றியே கவலை. மருமகனோ பெட்டியைத் திரும்பியும் பார்க்கவில்லை. “குட்டிக்கு ஒண்டும் நடக்காது, அது மேல வந்து மூச்சு விடும். பற்றீரியா மேல வராது” என்று வாளியைக் கட்டிக்கொண்டான். ஒட்சிசன் இன்றி ஒரு வாளி நீரில் நெருங்கிக் கிடக்கும் அப்பற்றீரியாக்கள் சில மணி நேரத்தில் அழியத் தொடங்கும். ஒரு கோப்பையால் நீரை அள்ளி உயரத்திலிருந்து ஊற்றத் தொடங்கினான். வண்டியின் குலுக்கலில் பாதி நீர் எம் மடியில் விழுந்தது. நானா வண்டியை ஓரமாக நிறுத்தி, பின்புறம் போய், சில்லுக்குக் காற்றடிக்கும் கால்பம்பியை எடுத்து வந்தார். அதன் குழாயைச் சிறு இறப்பர்க் குழாயோடு பொருத்தி, துணியாற் சுற்றிக் கட்டினார். மிதித்ததும் வாளியிற் குமிழிகள் எழுந்தன. அன்று மாங்குளத்திலிருந்து உரும்பிராய் வரை, சுமார் நூறு கிலோமீற்றர் தூரம், நாமும் மருமகனும் மாறி மாறிக் கால்பம்பியை மிதித்துக்கொண்டே போனோம். எழுபத்திரண்டு வயதுப் பெரியப்பாவும் தம் முறைக்கு மிதித்தார்.

கிளிநொச்சி. 2008 இல் வீழ்த்தப்பட்டு நெடுங்காலம் வீதியோரம் சரிந்து கிடந்த நீர்த்தாங்கியை மருமகன் படத்தில் மாத்திரமே கண்டிருக்கிறான். இந்நகரின் வயல்களுக்கெல்லாம் தாய் இரணைமடுக் குளம். அதைப் போய்ப் பார்க்க எமக்கு அவகாசம் இல்லை. பரந்தன் கடந்து ஆனையிறவை அடைந்ததும் காற்றிலே உப்பு மணந்தது. இருமருங்கும் வெள்ளைவெளேரென்ற களப்பு நீர். வீதி அதன் நடுவே ஒரு நூல்போலக் கிடந்தது. நாரைகள் நின்றன. அதுவரை ஓயாது பேசிக்கொண்டு வந்த நானா, இங்கே பேச்சை நிறுத்திவிட்டார். பளையைத் தாண்டிப் பனங்கூடல் தோன்றிய பின்னரே சொன்னார்: அவர் பிறந்தது யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவில். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களுள் அவருடையதும் ஒன்று. அப்போது அவருக்குப் பதினாறு வயது. இவ்வழியாக எத்தனையோ முறை வண்டி ஓட்டி வந்திருக்கிறார். அத்தெருவுக்கு மட்டும் போனதில்லை.

கொடிகாமம், சாவகச்சேரி, கைதடி. அங்கிருந்து கோப்பாய் வழியாக உரும்பிராயை அடைந்தபோது மூன்று மணி. செம்பாட்டு மண்ணிலே வாழையும் வெங்காயமும் மரவள்ளியும் செழித்து நின்றன. இச்செழிப்பு முழுவதும் கிணற்று நீரால் வந்தது. குடாநாட்டில் ஆறு என்று சொல்ல மழைகாலத்தில் ஓடும் வழுக்கையாறு ஒன்றே உண்டு. மற்றெல்லாம் நிலத்தடி நீர். சுண்ணாம்புக் கல்லின் பொந்துகளில், கடல்நீரின் மேலே மழைநீர் ஒரு வில்லைபோல மிதக்கிறது. உரும்பிராயிலிருந்து சில மைல் தொலைவிலுள்ள புத்தூர் நிலாவரைக் கிணறு இதற்கு நல்ல சாட்சி. அதன் மேல்நீர் நன்னீர். ஆழத்தில் உப்பு. சுண்ணாம்புக் கல்லினூடே ஊறி வருவதால் யாழ்ப்பாணத்து நீர் வன்னீராகிறது. கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு கட்டாத வீடு இங்கே இல்லை. உரப் பாவனையின் விளைவாக வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில், உலகச் சுகாதார நிறுவனம் விதித்த எல்லையாகிய லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருப்பதும் ஆய்வுகளிற் கண்டதே.

வெள்ளவத்தைக் குழாய் நீரோ மென்னீர். ஈரவலயத்து மலைகளில் விழுந்த மழை அது. கொழும்பு நகருக்கு நீர் வழங்க 1886 இல் கட்டி முடித்த லபுகம நீர்த்தேக்கமும், களனி கங்கையும் அதற்கு ஊற்று. குளோரீன் கலந்து வருவதால் ஒரு நாள் திறந்து வைத்துவிட்டே தொட்டியில் ஊற்றுவார் பெரியப்பா. அத்தகைய நீரிற் பதினைந்து ஆண்டு வாழ்ந்த குட்டி, இனிச் சுண்ணாம்பு நீருக்குக் குடிவர வேண்டும். இங்கேதான் முழுப் பிரயாணத்தின் அபாயமும் பதுங்கியிருந்தது.

நெடுநாள் மீன் வாழ்ந்த நீர் சற்றே அமிலத் தன்மை கொள்ளும். பெட்டியிலிருந்த நீரின் பி.எச். அளவு 6.6. உரும்பிராய்க் கிணற்று நீர் 7.8 காட்டியது. நீரிலுள்ள அமோனியா இரண்டு வடிவங்களில் இருக்கும். ஒன்று மீனை அவ்வளவாகத் தாக்காத அமோனியம். மற்றது செவுளைச் சுட்டெரிக்கும் நச்சு அமோனியா. பி.எச். 7 ஆகவுள்ள எமது நாட்டு வெப்பநிலை நீரில் நச்சு வடிவம் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அதே நீர் 8 ஆனால் அது ஆறு பங்குக்கு மேல் ஏறிவிடும். ஆதலால் பதினொரு மணி நேரம் அமோனியா சேர்ந்த பெட்டிக்குள், வந்த களைப்புத் தீரக் கிணற்று நீரை ஊற்றினால், மீனுக்கு நன்மை செய்கிறோம் என்று எண்ணிக்கொண்டே அதனைக் கொன்றுவிடுவோம். வழியெல்லாம் பிழைத்த மீன்கள் வீடு சேர்ந்த பின் இறப்பது பெரும்பாலும் இப்படித்தான். மருமகன் முதலிற் பெட்டி நீரின் பெரும்பகுதியை நீக்கி, மிஞ்சிய பழைய தொட்டி நீரால் நிரப்பினான். பி.எச். மாறவில்லை, அமோனியா போய்விட்டது. அதன்பின்னரே புதுநீர்.

இதற்கிடையில் தொட்டி இறங்கியது. விறாந்தைச் சீமெந்துத் தரை ஒரு பக்கம் சற்றுச் சாய்வாக இருந்தமையால், மேசன் நீர்மட்டத்தை வைத்துப் பார்த்துச் சட்டத்தின் காலுக்கு அடியில் தகடு வைத்தார். கிணற்று நீரும், ஒன்றுவிட்ட சகோதரர்கள் கார்த்திகையிலிருந்தே சேர்த்து வைத்த மழைநீரும் பாதிக்குப் பாதி கலந்து தொட்டியில் விடப்பட்டன. வன்மையைக் குறைக்க மழைநீர், நிலையாக வைத்திருக்கக் கிணற்று நீர். வடிகட்டியைப் பூட்டி ஓடவிட்டோம். முடிச்சுப் போட்ட மெல்லிய குழாய் ஒன்றினால் அந்நீர் பெட்டிக்குள் சொட்டுச் சொட்டாக இறங்கியது. இரண்டரை மணி நேரம். அயலவர் வந்து பார்த்துப் போனார்கள். “இந்தளவு பெரிய மீனை இவ்வளவு தூரம் கொண்டுவந்து சமைக்கேல்லையோ?” என்று ஒரு சிறுவன் கேட்டு, தாயிடம் குட்டு வாங்கினான்.

அந்நேரத்தில் நானா வண்டியை எடுத்துக்கொண்டு எங்கோ போயிருந்தார். பொழுதுபட்டுத் திரும்பியபோது கையில் ஒரு கட்டுப் பனங்கிழங்கு. அதைத் திண்ணையில் வைத்துவிட்டு, “வீடு இல்லை. கிணறு இருக்குது. ஒரு வாளி அள்ளிக் குடிச்சேன்” என்றார். நாம் வேறொன்றும் கேட்கவில்லை. இரவுணவின்பின் புத்தளம் புறப்படும்போது, மீன் பெட்டியை விலைக்குத் தரமுடியுமா என்று கேட்டார். மைத்துனருக்கு மீன் வியாபாரமாம். பெரியப்பா அதற்கு விலை வாங்கவில்லை.

ஆறரை மணிக்குக் குட்டி தொட்டிக்குள் இறங்கியது. இறங்கியதும் அடியிலே போய் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. கரிபோலக் கறுத்திருந்தது. நாம் விளக்கை அணைத்து, தொட்டியைப் பழைய சேலையால் மூடினோம். பெரியப்பா விறாந்தையிலேயே பாய் விரித்தார். இரவு முழுவதும், பத்து நிமிடத்துக்கொரு முறையோ கால் மணிக்கொரு முறையோ, நீரின் மேலே ‘களுக்’ என்றொரு ஓசை கேட்டது. அது கேட்காத வேளைகளில் அவர் எழுந்து உட்கார்ந்தார்.

மறுநாள் நிமிர்ந்து நின்றது. ஆனால் உணவை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இடம் மாறிய பெரிய மீன் ஒரு கிழமை, சில வேளை அதற்கு மேலும், உண்ணாமல் இருப்பதுண்டு. அதை மருமகன் எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும் கேட்பவர் யார்? கங்குனுக்குப் பதிலாகப் பசளி, வல்லாரை, முருங்கையிலை என்று ஒவ்வொன்றாக இட்டு, ஒவ்வொன்றாக எடுத்து வீசினார்கள். நாள்தோறும் சோதனைத் துளிகள் விடப்பட்டன. மூன்றாம் நாள் அமோனியா சற்றே தலைகாட்டியது. ஐந்தாம் நாள் இல்லை. கால்பம்பியால் மூச்சூட்டிய பற்றீரியாக்கள் வேலையைத் தொடங்கிவிட்டன. நிறமும் மெல்ல வெளிறி, பழைய சாம்பலுக்குத் திரும்பியது. ரொறன்ரோவிலிருந்து மகள் ஒவ்வொரு நாளும், “குட்டி சாப்பிட்டுதோ?” என்று கேட்டாள். அப்பாவின் மருந்தைப்பற்றி அதன் பிறகுதான் விசாரித்தாள்.

நாம் கொழும்புக்குத் திரும்பவேண்டிய பத்தாம் நாட் காலை. பெரியப்பா முற்றத்து வாழைக்குலையிலிருந்து ஒரு கதலிப்பழத்தைப் பறித்து உரித்து, பாதியைத் தாம் வாயிலிட்டுக்கொண்டு, மீதியை விரலிடுக்கில் வைத்துத் தொட்டிக்குள் நீட்டினார். வெள்ளவத்தையிலே பிடித்த அதே பாவனை. குட்டி மூலையிலிருந்து திரும்பியது. வந்து விரலை நூற்செட்டையால் தடவியது. ஒரு முறை பின்வாங்கியது. மீண்டும் வந்து பழத்தைக் கவ்விக்கொண்டு போனது. பெரியப்பா கையைத் துடைக்காமலே கைத்தொலைபேசியைத் தேடினார். அங்கே முன்னாளிரவு ஒன்பது மணி. மகள் நித்திரைக்குப் போயிருக்க மாட்டாள்.